நிரப்பு இல்லை

அர்வைகேர், கால்நடைக் காப்பீட்டு அலுவலகம், மாலை ஆறு.
அடுப்பில் நிலக்கரி சாம்பலாகிக்கொண்டிருந்தது.
கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார் கன்சோரிக்:
"துங்கலக், நாளைக் கூட்டத்துக்கு ஒரு வரைபடம்.
மாதத்துக்கு ஒரு தூண். குளிரின் அடியிலிருந்து
வெயிலின் உச்சிவரை. தரையில் நிற்கக் கூடாது,
மிதக்க வேண்டும்."
மேய்ப்பர்களுக்கு எண்கள் பிடிக்காதாம்.
சொல்லிவிட்டுக் கையுறையைத் தேடிக்கொண்டு போனார்.

மிதக்கவைப்பது எளிது.
ஜூலையில் தொடங்கினேன்:
தாழ்ந்தது ஐந்து, உயர்ந்தது முப்பத்தொன்று.
ஐந்தை ஒரு தூணாக நிறுத்து.
அதன் தலைமேல் இடைவெளியை ஏற்று, இருபத்தாறு.
பிறகு கீழ்த்தூணில் வலது கிளிக்.
நிரப்பு: இல்லை. விளிம்பு: இல்லை.
சுமப்பது மறைந்துபோக
சுமக்கப்படுவது அந்தரத்தில் நிற்கிறது.
குறிவிளக்கத்திலிருந்தும் அதன் பெயரை அழித்தேன்,
கொஞ்சம் உறுத்தியது.

ஜனவரிக்கு வந்ததும் சிரித்துவிட்டேன்.
மைனஸ் நாற்பத்தொன்றிலிருந்து மைனஸ் பன்னிரண்டு.
இடைவெளி இருபத்தொன்பது.
அது நேரே பூச்சியத்தில் காலூன்றி
மேல்நோக்கி எழுந்துவிட்டது, ஜூலைக்குப் போட்டியாக.
வெளியே சன்னலில் பனி ஒரு விரல் கனம்.
மைனஸைக் கீழே அடுக்கும், பிளஸ்ஸை மேலே அடுக்கும்,
ஒன்றின் தோளில் மற்றதை ஏற்றவே ஏற்றாது.
கணினியைத் திட்டி என்ன பயன்.

குளிர்மாதங்களைத் தலைகீழாக்கினேன்.
மறைய வேண்டியது இனி உயர்ந்தது, மைனஸ் பன்னிரண்டு;
அதிலிருந்து தொங்க வேண்டியது மைனஸ் இருபத்தொன்பது.
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி:
மூன்று வௌவால்கள்.

ஏப்ரல்தான் படுத்தியது.
மைனஸ் பதினாறு முதல் பதினெட்டு வரை,
கோட்டின் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்த மாதம்.
எல்லா எண்ணையும் பூச்சியத்தோடு மோதவிட்டு
சிறியது எது பெரியது எது என்று கேட்கும்
சூத்திரங்கள் எழுதி, அழித்து, அடைப்புக்குறி ஒன்றைத் தொலைத்து,
ஒன்பது மணிக்குப் புரிந்தது:
ஏப்ரலுக்கு மறைதூணே வேண்டாம்.
மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, ஒரே நீலம்.
தையல் தெரியவில்லை.
பகலில் உருகி இரவில் உறையும் மாதம் அது.
புல் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும்,
கண்ணாடியில் ஆடுகளின் மூக்கு கிழியும்.

மறுநாள் பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை.
நாற்பது பேர், யாரும் மேலங்கியைக் கழற்றவில்லை.
லுவ்சன்தோர்ஜ் எழுந்து திரைவரை நடந்து வந்தார்.
அவர் விரலின் நிழல் பிப்ரவரியின் அடிநுனியில் விழுந்தது.
"இது?"
"அந்த மாதத்தின் மிகக் குளிர்ந்த இரவு."
"எந்த இரவு?"
தாளைப் புரட்ட வேண்டியிருந்தது.
"பதினேழு."
தலையசைத்தார், ஒரு கணக்கைச் சரிபார்த்தவர்போல.
விரல் மெல்ல மேலே ஏறி வெள்ளையில் நின்றது.
"இங்கே ஒன்றும் இல்லையா?"
கிளிக் செய்து காட்டினேன்.
வெற்றிடத்தின் நான்கு மூலைகளிலும்
நான்கு புள்ளிகள் கண் விழித்தன.
பின்வரிசையில் யாரோ இருமினார்.

அவர் மார்புக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.
பென்சில் எழுத்து, எச்சில் தொட்டுத் திருப்பிய பக்கங்கள்.
தேதி. விடியற்காலை வெப்பம். கடைசிக் கட்டத்தில், எழுந்திருக்காத ஆடுகள்.
"எங்கள் பள்ளத்தில் மைனஸ் நாற்பத்தெட்டு, பெண்ணே.
உங்கள் கருவி குன்றின்மேல் இருக்கிறது."
பக்கத்துக் கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"நிலையத்தின் எண்தான் செல்லும்" என்றார் கன்சோரிக்,
திரையைப் பார்க்காமல்.
என் விரல் அதற்குள் நாற்பத்தெட்டை அடித்திருந்தது.
பிப்ரவரி திரையின் விளிம்பைத் தாண்ட முயன்றது.
அச்சு தானாக ஒரு படி இறங்கிக்கொண்டது.
மற்ற பதினொரு தூண்களும்
கொஞ்சம் கொஞ்சம் சுருங்கி
இடம் விட்டன.